கிழக்குப் பார்த்த முருகன்

பிரையன் வேலையை விட்டுப் போன நாள் ஒரு வெள்ளிக்கிழமை. தீபாவளிக்குச் சில வாரங்கள் இருந்தன. காலையிலிருந்தே ஜொகூர் மாநிலத்துக் கெலாங் பாத்தாவில் மழை பிடித்துக்கொண்டது. வாசலில் கன்டெய்னர் லாரிகள் சேற்றில் நின்று உறுமிக்கொண்டிருக்க, உள்ளே ஆபீஸ் மேசைகளை ஒன்றாகச் சேர்த்து வாழையிலை போட்டிருந்தார்கள். தேனப்பன் கம்பெனியிலிருந்து யார் போனாலும் வெறும் வயிற்றோடு போகக் கூடாது. அது ஆச்சி போட்ட சட்டம்.

ஆச்சி என்றால் முதலாளி தேனப்பனின் மனைவி கமலாட்சி. பூர்வீகம் செட்டிநாடு, பிறந்து வளர்ந்ததெல்லாம் ஜொகூர். லாரி ஓடுவதை முதலாளி பார்த்துக்கொண்டார், ஆபீஸ் ஓடுவதை ஆச்சி பார்த்துக்கொண்டார். டிரைவர் முதல் கணக்கர் வரை எல்லாருக்கும் அவர் ஆச்சிதான். சீனர், மலாய்க்காரர் என்ற வித்தியாசம் அதில் கிடையாது.

பாயசம் குடித்து முடித்ததும் பிரையன் பழுப்புத் தாள் சுற்றிய பெரிய பொருள் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். பிரித்தால் முருகன். கனமான இரும்புச் சட்டம், தடித்த கண்ணாடி, வேலும் மயிலுமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்னடா இது, ஞாயித்துக்கெழம தவறாம பூசைக்குப் போறவன், மாதா படம் குடுப்பேன்னு பாத்தா முருகனத் தூக்கிட்டு வந்திருக்க?" என்றார் தேனப்பன்.

"மாதா உங்களப் பாத்தா யாருன்னு கேப்பாங்க பாஸ். இவருதான் உங்க ஆளு. சர்வர் ரூம்ல மாட்டிடுங்க. நான் போனப்புறம் இவரு பாத்துக்கட்டும்."

எல்லாரும் சிரித்தார்கள். பிரையனுக்கு உதவியாக இருந்த வினிஃப்ரெட்டும் சிரித்தாள். ஆனால் அவள் சிரிப்பு பாதி வழியில் நின்றுவிட்டது. பிரையன் போனபின் அந்தச் சர்வரைப் பார்த்துக்கொள்ளப்போவது முருகன் இல்லை, அவள்.

சர்வர் ரூம் என்பது பெயருக்குத்தான். முன்பு சாமான் போட்டு வைத்திருந்த சின்ன அறை. குளிர்சாதனம் மாட்டி, சர்வரை மூலையில் நிறுத்தி, எதிரில் ஆச்சி ஒரு குத்துவிளக்கையும் வைத்துவிட்டார். பிரையன் படத்தைத் தெற்குச் சுவரில் வைத்துப் பார்த்தான்.

"அங்க வேணாம்ப்பா. கெழக்க பாத்து இருக்கணும்," என்றார் ஆச்சி.

கிழக்குப் பார்க்க வேண்டுமென்றால் மேற்குச் சுவரில் மாட்ட வேண்டும். அது செங்கல் சுவரில்லை. நடைபாதைக்கும் அறைக்கும் நடுவே பலகை வைத்து அடைத்த தடுப்பு. சர்வருக்கு வரும் வயர் அந்தத் தடுப்புக்குள்தான் இறங்கி வந்தது.

"அண்ணே, உள்ள வயர் ஓடுதே," என்றாள் வினிஃப்ரெட்.

"இழுத்தது யாரு? நான்தானே? எனக்குத் தெரியாதா?" பிரையன் பலகையை விரலால் தட்டிக் காட்டினான். "எடது பக்கமா இறக்கினேன். நல்லா ஞாபகம் இருக்கு. ஆணிய வலது பக்கம் அடிச்சா ஒன்னும் ஆகாது லா."

சுத்தியலால் நாலு போடு போட்டான். ஆணி இறங்கியது. முருகன் ஏறினார். ஆச்சி திருநீறு பூசி விளக்கேற்றினார். சிங்கப்பூருக்குப் போகிற நண்பனின் கார் வாசலில் ஹாரன் அடித்தது. பிரையன் குடை கூட இல்லாமல் மழையில் ஓடிப் போய் ஏறிக்கொண்டான்.

திங்கட்கிழமை காலை சர்வரின் லைன் முதன்முறையாக அறுந்தது.

*

வினிஃப்ரெட் பிறந்தது லாபிஸில். அப்பா லெஸ்லி ரயில்வேயில் இருந்தவர். தாத்தா காலத்தில் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய குடும்பம். அப்பா காலத்தில் தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்தது. அதற்கப்புறம் லாபிஸைத் தாண்டவில்லை. வினிஃப்ரெட் செகாமட்டில் டிப்ளோமா முடித்தாள். தேனப்பன் கம்பெனியில் கணக்கு வேலை என்று சேர்ந்தாள். ஒருநாள் பிரின்டர் மக்கர் செய்தபோது அதைத் திறந்து சரிசெய்துவிட்டாள். அன்றோடு விதி எழுதியாகிவிட்டது. "வினிக்குக் கம்ப்யூட்டர் தெரியும்" என்று பெயர் வந்தது. பிரையனுக்கு உதவி, பிறகு பிரையனுக்குப் பாதி, இப்போது பிரையனே இல்லை.

அவள் வாடகைக்கு இருந்த அறையின் ஜன்னலைத் திறந்தால் தூரத்தில் சிங்கப்பூருக்கான இரண்டாம் பாலத்துக்குப் போகிற நெடுஞ்சாலை தெரியும். விடியுமுன்னே மோட்டார் சைக்கிள்கள் தேனீக் கூட்டம்போல அந்தப் பக்கம் இரைந்து போகும். அவளோடு படித்தவர்களில் பாதிப் பேர் அந்த இரைச்சலில் இருந்தார்கள். அவள் மட்டும் தினமும் அதைக் கேட்டு எழுந்து, எதிர்த்திசையில் நடந்து, அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். பாலத்தின் அந்தப் பக்கம் அவள் போனதெல்லாம் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புகிற பயணங்கள். ஒருமுறையாவது அங்கே வேலைக்கென்று போய் இறங்க வேண்டும் என்பது நெடுநாளாக உள்ளே கிடந்த ஆசை. வாய்விட்டுச் சொன்னதில்லை.

சொல்லாமலே பிரையன் புரிந்துகொண்டிருந்தான். தீபாவளி முடிந்த கையோடு அவனிடமிருந்து போன் வந்தது.

"வினி, சிங்கப்பூர்ல எங்க டீம்ல ஒரு ஆளு வேணும். உன் பேரக் குடுத்திருக்கேன். இன்டர்வியூ வீடியோலதான். பயப்படாத."

"எனக்கு என்னண்ணே தெரியும்?"

"சர்வர் விழுந்தா எழுப்பத் தெரியுமில்ல? அதான் வேலை."

அந்த நேரம் பார்த்து, வெளியே கணக்கர் அறையிலிருந்து ஒரு குரல் கிளம்பியது. "வினீ... லைன் போச்சு!"

இன்டர்வியூவில் அவள் நன்றாகப் பதில் சொன்னாள். ஜனவரி ஆரம்பத்தில் வந்து சேரலாம் என்று கடிதம் வந்தது. அன்றைக்கே பேரங்காடிக்குப் போய்க் கருப்பு ஷூ ஒன்று வாங்கினாள். அறையில் அதைப் போட்டுக்கொண்டு கட்டிலுக்கும் கதவுக்கும் நடந்து பார்த்தாள். கழற்றித் தாளில் சுற்றிப் பெட்டியில் வைத்து, பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

முதலாளியிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அப்பாவுக்கு வாதம் வந்து செகாமட் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தேனப்பன் தன் காரையும் டிரைவரையும் அவளிடமே விட்டுவிட்டார். அப்பா கம்பு ஊன்றி வீடு திரும்பும் வரை அந்தக் கார் லாபிஸ் வாசலில் நின்றது. அதைப் பற்றி அவர் பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசியிருந்தால்கூடத் தேவலை.

"போம்மா. நல்லா இரு. போகாதன்னு சொல்ற ஆளு நான் இல்ல," என்றார் தேனப்பன். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த லைன் கோளாறுதான்... அத யாருகிட்ட விட்டுட்டுப் போவ?"

"சரிபண்ணிட்டுத்தான் பாஸ் போவேன்."

யாரும் கேட்காமல் அவள் வாயிலிருந்து வந்த வார்த்தை அது. சொல்லி முடித்ததும், முடியாதா என்ன, இன்னும் எவ்வளவோ நாள் இருக்கிறதே என்று தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொண்டாள்.

*

கோளாறு ஒரே மாதிரி வந்திருந்தால் பிடித்திருப்பாள். சில நாள் காலையிலிருந்து மாலை வரை பிசகாமல் ஓடும். சில நாள் பத்து நிமிடம் தாங்காது. சர்வரின் பின்னால் பச்சை விளக்கு எரியும், திடீரென்று ஆரஞ்சு நிறமாகும், அணையும். உடனே ஆபீஸ் முழுக்கத் திரைகள் உறையும். லாரிக்கு எந்தக் கன்டெய்னர், எந்தக் கேட் என்பதெல்லாம் சர்வரில் இருந்ததால் டிரைவர்கள் துறைமுக வாசலில் காத்துக் கிடந்து போன் அடிப்பார்கள். பிறகு லைன் தானாக வரும். சர்வரின் பதிவில் 'இணைப்பு துண்டிக்கப்பட்டது', 'இணைப்பு வந்தது' என்ற இரண்டே வரிகள் மாறி மாறி ஓடும். ஏன் என்று அது ஒருநாளும் சொன்னதில்லை.

வினிஃப்ரெட் சர்வரில் செருகியிருந்த வயரை மாற்றினாள். எல்லா வயர்களும் வந்து சேரும் சுவிட்ச் பெட்டியில் வேறு துளையில் செருகினாள். பிறகு பெட்டியையே மாற்றினாள். சர்வரின் நெட்வொர்க் கார்டைப் புதிதாகப் போட்டாள். கரன்ட் மிச்சம் பிடிக்கும் வசதி ஒன்று கார்டைத் தூங்க வைத்துவிடும் என்று எங்கோ படித்து அதை நிறுத்தினாள். வேகத்தைக் குறைத்துக் கட்டிப் போட்டாள். லைன் மெதுவாக ஓடியது. மெதுவாக ஓடியே அறுந்தது. ஒவ்வொன்றையும் மாற்றியதும் ஒருநாள், இரண்டு நாள் ஒழுங்காக இருக்கும். பிடித்துவிட்டோம் என்று மனசு துள்ளும். மூன்றாம் நாள் கணக்கர் அறையிலிருந்து அதே குரல் வரும்.

ஆணியைப் பற்றி அவள் யோசிக்காமல் இல்லை. முதலில் யோசித்ததே அதைத்தான். பிரையனைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"ஏய், சத்தியமா எடது பக்கம் லா. என் கையால இறக்கினது," என்றான்.

சந்தேகம் தீர வயர் சோதிக்கும் கருவியை இரண்டு முனையிலும் மாட்டிப் பார்த்தாள். எட்டு விளக்கும் வரிசையாக எரிந்தன. உள்ளே இருக்கும் எட்டுக் கம்பியும் நலம் என்று அர்த்தம். அதுவும் போதாமல், நீள வயர் ஒன்றைச் சுவிட்ச் பெட்டியிலிருந்து அறைக் கதவு வழியாகத் தரையிலேயே இழுத்துச் சர்வரில் செருகினாள். தடுப்புக்குள் போகாத வயர் இது. இதிலும் அறுந்தால் தடுப்புக்குள் இருக்கும் வயர் மேல் குற்றமில்லை.

மத்தியானத்துக்குள் அதிலும் அறுந்தது.

அத்தோடு அந்தச் சந்தேகத்தை மூட்டை கட்டினாள். படத்தை ஒருநாள் இறக்கிப் பார்க்கலாமா என்று ஆச்சியிடம் கேட்க நினைத்திருந்தாள். இனி கேட்க என்ன இருக்கிறது?

உலு திராமிலிருந்து ஹேமநாதன் என்ற டெக்னீஷியனை வரவழைத்தார் தேனப்பன். ஆள் பெரிய பையும் மடிக்கணினியுமாக வந்து மத்தியானம் முழுக்கச் சர்வரின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். லைன் ஒரு தடவைகூட அறுந்து போகவில்லை.

"நல்லாத்தானே சிஸ்டர் ஓடுது?"

"இன்னும் கொஞ்ச நேரம் இருங்களேன்."

"இருந்துட்டேனே! இதுக்கு மேல இருந்தா உங்க ஆச்சி ராத்திரிச் சாப்பாடும் போடணும்."

அவன் கார் சிக்னலைத் தாண்டியிருக்காது, லைன் போனது. வினிஃப்ரெட் போன் செய்தாள்.

"அலமாக், இது என்ன கூத்து," என்றான் ஹேமநாதன். "என்னப் பாத்தா பயப்படுது போல."

*

இதற்கு நடுவில் இன்னொன்று நடந்தது. லைன் போன ஒருநாள் ஆச்சி விளக்குக்கு எண்ணெய் ஊற்ற அறைக்குள் போனார். படத்தில் முருகனின் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "அப்பனே, பசங்க தவிக்குதுங்க," என்றார். பச்சை விளக்கு எரிந்தது.

அடுத்த முறையும் அப்படியே நடந்தது. அதற்கடுத்த முறை ஆச்சி தொட்டும் வரவில்லை. இரண்டாவது தரம் அழுத்தித் தொட்டார், வந்தது. பிறகு யார் கேட்பார்கள்? "லைன் போச்சு!" என்ற குரலுக்குப் பின்னாலேயே "ஆச்சீ!" என்று இன்னொரு குரல் சேர்ந்துகொண்டது. துறைமுக வாசலில் காத்திருக்கும் மலாய் டிரைவர்கூடப் போனில், "ஆச்சி சூடா செம்பாயாங்?" என்று கேட்க ஆரம்பித்தார், ஆச்சி சாமி கும்பிட்டாச்சா என்று.

"பாத்தியா வினி? நீ என்னென்னமோ வாங்கி மாட்டுற. அவன் ஒரு தொடுல குடுக்கறான்," என்றார் ஆச்சி.

"அப்ப எதுக்கு ஆச்சி அறுக்கறாரு?"

"நம்மள மறந்துடக் கூடாதில்ல ஆத்தா. தைப்பூசத்துக்கு இவன வீட்டுக்கு எழுந்தருளப் பண்ணி, பந்தல்ல வச்சுப் பால் குடம் எடுக்கறதா வேண்டியிருக்கேன். அதுவரைக்கும் எறக்க மாட்டேன். அப்புறம் பாரு, கோளாறே இருக்காது."

வினிஃப்ரெட் மனசுக்குள் நாட்களை எண்ணிப் பார்த்தாள். தைப்பூசம் ஜனவரிக் கடைசியில். அவள் சேர வேண்டியது ஜனவரி ஆரம்பத்தில்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் லாபிஸுக்குப் பஸ் பிடிக்க வேண்டும். பை கட்டித் தயாராக மேசைக்கு அடியில் இருந்தது. ஆச்சி அன்று சிரம்பானில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். கிளம்புகிற நேரம் லைன் போனது. வினிஃப்ரெட் சர்வரை நிறுத்தி எழுப்பினாள். வயரைக் கழற்றி மாட்டினாள். சுவிட்ச் பெட்டியை அணைத்துப் போட்டாள். வரவில்லை. வெளியே டிரைவர்களின் போன் மேல் போன். பஸ் நேரம் போய்க்கொண்டிருந்தது.

அறையில் யாருமில்லை. அவள் கதவைச் சாத்தினாள். படத்தின் முன்னால் நின்று சற்று நேரம் முருகனைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். விரலை நீட்டி, கண்ணாடியில் பாதம் இருந்த இடத்தை அழுத்தினாள்.

விளக்குப் பச்சையானது.

வந்ததில் அவளுக்குச் சந்தோஷமில்லை. பயம்தான் வந்தது. இத்தனை மாதம் படித்தது, மாற்றியது, கழற்றியது எல்லாம் ஒன்றுமில்லை என்று யாரோ முகத்துக்கு நேரே சொன்னதுபோல இருந்தது. தன்னையறியாமல் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். யார் முன்னால் யாருக்குப் போட்டாள் என்று அவளுக்கே விளங்கவில்லை.

லாபிஸில் அப்பா கேட்டார், "எப்பம்மா சிங்கப்பூர் போற?"

"ஒரு வயர் கோளாறு இருக்குப்பா. முடிச்சுட்டு."

"ஒரு வயருக்கா இவ்ளோ நாளு?"

அம்மா கேக்கை வெட்டிக்கொண்டே, "விடுங்க, அவளுக்குத் தெரியாதா?" என்றாள்.

தெரியாதம்மா என்று சொல்ல வாய் வந்தது. கேக்கை வாயில் போட்டுக்கொண்டாள்.

*

புது வருஷம் பிறந்ததும் சேரும் தேதியைத் தள்ளிப் போடக் கேட்டாள். பிரையன் யார் யாரிடமோ பேசிப் பொங்கல் முடிந்த வாரத்துக்கு மாற்றி வாங்கினான்.

"ஒரு தடவைதான் தள்ளுவாங்க வினி. இதுக்கு மேல நான் வாய் தொறக்க முடியாது. பேசாம வந்துரு. பாஸ் வேற ஆளப் பாத்துக்குவாரு."

"சரிபண்ணிட்டுப் போறேன்னு சொல்லிட்டேண்ணே."

"அவரு கேட்டாரா?"

"கேக்கல."

"அப்புறம் என்ன லா?"

அப்புறம் என்ன என்று அவளுக்கும் தெரியவில்லை. பொங்கல் வாரம் முழுவதும் லைன் பேயாட்டம் ஆடியது. கடைசி நாள் ஒரு கன்டெய்னர் கப்பலைத் தவறவிட்டது. பொருளுக்குச் சொந்தக்காரர் ஆபீசுக்கே வந்து கத்திவிட்டுப் போனார். தேனப்பன் எல்லாவற்றையும் நின்று கேட்டுக்கொண்டார். அந்த ஆள் போனதும் தேனப்பன் சர்வர் ரூம் வாசலில் வந்து நின்றார். உள்ளே வினிஃப்ரெட் தரையில் வயர்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். அவர் அவளைத் திட்டியிருக்கலாம். "சாப்டியாம்மா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

வினிஃப்ரெட் போனை எடுத்தாள். வர முடியவில்லை, மன்னிக்கவும் என்று சிங்கப்பூருக்கு எழுதினாள். பதில் உடனே வந்தது. மரியாதையாக இரண்டு வரி. அந்த இடத்துக்கு வேறொருவர் தயாராகவே இருந்திருக்க வேண்டும்.

*

தைப்பூசத்தன்று ஆபீசில் டூட்டி வினிஃப்ரெட்டுக்குத்தான். வருஷா வருஷம் அப்படித்தான். கிறிஸ்துமஸுக்கு மற்றவர்கள் அவளுக்காக இருப்பார்கள், பூசத்துக்கு அவள் மற்றவர்களுக்காக இருப்பாள். துறைமுகத்துக்கு ஏது பண்டிகை? ஆச்சி முந்தின நாளே படத்தை இறக்கி, பட்டுத் துணி சுற்றிக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். சுவரில் ஆணி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

அன்று லைன் அறுந்து போகவில்லை.

காலையில் அவள் அதைக் கவனிக்கவில்லை. மத்தியானம் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிடும்போது, இன்னும் குரல் வரவில்லையே என்று தோன்றியது. குரல் கொடுக்க ஆபீசில் ஆளில்லை என்பது ஞாபகம் வந்து, எழுந்து போய்ப் பார்த்தாள். பச்சை. சாயங்காலமும் பச்சை. சர்வரின் பதிவில் முந்தின நாள் ஆச்சி படத்தை இறக்கியதற்குப் பிறகு ஒரு வரிகூட ஏறவில்லை.

நல்ல நாள் இதற்கு முன்னும் வந்திருக்கிறது. அவள் நம்பிக்கை வைக்கவில்லை. காத்திருந்தாள்.

மறுநாள் ஆச்சி சந்தன வாசனையோடு வந்தார். முருகனுக்குப் புது மாலை. "எல்லாம் தீந்துச்சு ஆத்தா. இனிமே அறுந்து போகாது," என்று சொல்லி அவரே படத்தை ஆணியில் மாட்டினார். தேநீர் வருவதற்குள் கணக்கர் அறையிலிருந்து குரல் வந்தது. ஆச்சியின் முகம் வாடிவிட்டது. போய்ப் பாதத்தைத் தொட்டார். வினிஃப்ரெட் அன்று முருகனைப் பார்க்கவில்லை, ஆச்சியின் விரலைப் பார்த்தாள். விரல் அழுத்தியது. கனமான சட்டம் சுவரோடு ஒட்டி லேசாக மேலே எழும்பியது. பச்சை விளக்கு எரிந்தது.

சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் போனதும் அவள் படத்தை இறக்கி நாற்காலியில் சாய்த்தாள். மாலை நசுங்காமல் பார்த்துக்கொண்டாள். குறட்டால் ஆணியைப் பிடித்து இழுத்தாள். வந்த ஆணியின் முனையில் வயரின் நீலத் தோல் நூல்போலச் சுருண்டிருந்தது. துளைக்குள் போன் வெளிச்சத்தை அடித்தாள். உள்ளே செம்புக் கம்பி மினுக்கியது. ஆணி வயரின் நடுவே கம்பியை அறுக்காமல் உரசிக்கொண்டு நின்றிருக்கிறது. படத்தின் கனம் ஆணியைக் கீழே இழுத்தால் கம்பியோடு கம்பி ஒட்டும். யாராவது தொட்டுக் கும்பிட்டால் விலகும். அவள் கருவி வைத்துச் சோதித்த நேரத்தில் விலகியிருந்திருக்கிறது. அவ்வளவுதான்.

இடது பக்கம் என்று பிரையன் சத்தியம் செய்தானே? அவள் அறையை விட்டு வெளியே போனாள். நடைபாதையில் தடுப்பின் மறுபக்கத்தில் நின்று, வயர் இழுக்கிறவன்போல இடது கையை நீட்டிப் பலகையில் ஒரு பென்சில் கோடு போட்டாள். அடி அளந்துகொண்டு உள்ளே வந்தாள். கோடு ஆணித் துளைக்கு நேர் பின்னால் இருந்தது. பிரையன் பொய் சொல்லவில்லை. அவன் நடைபாதையில் நின்று வயர் இறக்கினான், அறைக்குள் நின்று ஆணி அடித்தான். அந்தப் பக்கத்து இடது இந்தப் பக்கத்து வலது.

தரையில் இழுத்த வயர்? அது ஏன் அறுந்தது? திரும்பிக் கதவைப் பார்த்தாள். குளிர் வெளியே போகிறதென்று ஆச்சி போகும்போதும் வரும்போதும் அந்தக் கதவை இழுத்துச் சாத்துவார். கதவுக்கும் தரைக்கும் நடுவில் அன்று வயர் நசுங்கியிருக்கிறது. அவள் அதைப் பார்க்கவில்லை.

யார் மேல் கோபப்படுவது என்று நாற்காலியில் இருந்த முருகனைக் கேட்கலாம்போல இருந்தது. பிரையன் அன்பாகக் கொண்டுவந்தான். ஆச்சி பக்தியாக மாட்டச் சொன்னார். முதலாளி ஒரு வார்த்தை வற்புறுத்தவில்லை. சொன்ன சொல்லும் அவள் சொன்னதுதான். நாலு பக்கமும் நல்லவர்கள் நின்றுகொண்டால் மனுஷி எந்தப் பக்கம் திரும்பிக் கத்துவது?

புது வயரைச் சுவருக்கு வெளியே, தரையோரமாகக் குழாய் போட்டு இழுத்தாள். கதவுப் பக்கம் போகாமல் மூலையில் துளை போட்டாள். பழைய வயரை இரண்டு முனையிலும் கழற்றி விட்டாள். பிறகு அதே துளையில் அதே ஆணியை அடித்து, படத்தை மாட்டி, மாலையைச் சரிசெய்தாள்.

"வயர மாத்திட்டேன் பாஸ். இனிமே அறுந்து போகாது," என்றாள் தேனப்பனிடம்.

அன்றிலிருந்து லைன் அறுந்து போகவில்லை. ஒரு வாரம் பொறுத்துத் தேனப்பன் ஆபீசில் எல்லாருக்கும் பாயசம் கொடுத்தார். ஆச்சி வினிஃப்ரெட்டின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார்.

"நான் சொன்னேனா இல்லியா? பூசம் கழியட்டும், அவன் தீத்து வைப்பான்னு. மொத நாள் சும்மா நம்மளச் சோதிச்சுப் பாத்தான்."

"ஆமா ஆச்சி."

வேறென்ன சொல்வது? உங்கள் வேண்டுதல் என் லைனை அறுத்துக்கொண்டிருந்தது என்றா? அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு?

அவள் போகவில்லை. வேறு இடங்களுக்கு எழுதிப் போட்டாள்; ஒன்றிரண்டு பேர் பேசினார்கள், பிறகு பேசவில்லை. விடியுமுன் மோட்டார் சைக்கிள்கள் இரைந்து போயின. எதிர்த்திசையில் அவள் நடந்தாள். ஷூவைப் பக்கத்து அறை ஃபெலிசியா இன்டர்வியூ ஒன்றுக்கு இரவல் கேட்டாள். "போட்டுக்க, திருப்பித் தர வேணாம்," என்றாள் வினிஃப்ரெட். ஃபெலிசியாவுக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது. சிங்கப்பூரில் வேலையும் கிடைத்தது.

அடுத்த தீபாவளியும் வந்து போனது. ஒருநாள் மத்தியானம், சர்வர் ரூமில் விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஆச்சிக்கு முழங்கால் வலி என்பதால் அந்த வேலையும் இப்போது அவளுடையதாகியிருந்தது. போன் சிணுங்கியது. நெடுநாளுக்குப் பிறகு பிரையன்.

"வினி, நல்லா இருக்கியா? தீபாவளிக்குப் பாஸ் போன் பண்ணாரு. லைன் இப்ப அறுந்து போறதே இல்லயாமே! 'எல்லாம் நீ குடுத்த முருகன்தான்டா'ன்னு ஒரே புகழ். ரொம்பச் சந்தோஷமா இருந்துச்சு லா. இங்க புது ஆபீஸ்ல வயர் எல்லாம் நான்தான் இழுத்தேன், அதே மாதிரி ஒரு முருகன் வாங்கி வச்சிருக்கேன். எந்தப் பக்கம் பாத்து மாட்டணும்னு ஆச்சிகிட்ட கேட்டுச் சொல்றியா?"